‘டங்’ சத்தம் எப்போது வருகிறது?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே மலையடிவாரம் முழுக்க மாந்தோப்பும் தென்னந்தோப்பும்தான். அய்யனார் கோயில் பக்கமானாலும் செண்பகத்தோப்புப் பக்கமானாலும் தார்ச்சாலை முடிந்ததும் உருண்டைக் கல்லும் ஓடை மணலும் கலந்த தடம் தொடங்கிவிடும். மழை இல்லாத மாதங்களில் ஓடையில் தண்ணீர் இருக்காது, கல் இருக்கும். பழைய மஹிந்திரா ஜீப், பொலேரோ கேம்பர், பிக்கப் எல்லாம் இந்தத் தடங்களில்தான் சப்பட்டை, பஞ்சவர்ணம் மாங்காயும் தேங்காயும் ஏற்றி இறங்குகின்றன. இப்போது வார இறுதிகளில் மஹிந்திராவின் ‘தார்’ வண்டிகளும் சேர்ந்துகொண்டன. இவை ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது சொல்லப்படும் குறைகளில் முதல் வரிசையில் நிற்பது, “பின்னாடி டங்குனு ஒரு சத்தம் வருதுண்ணே” என்பது. அதற்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஷாக் போயிருக்கும், மாத்திரலாம்.” இந்தப் பதில் பெரும்பாலான நேரம் தவறு என்பது என் கட்சி. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக் குனிவதற்கு முன்னால், அது எப்போது வருகிறது என்று கேட்டு முடித்திருக்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் பாதிக்கு மேல் வேலை முடிந்துவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். இரண்டு உறுப்புகள் சேரும் இடத்தில் தேய்ந்து இடைவெளி விழுந்தால் அதைப் ‘பிளே’ என்போம். பிளே தானாகச் சத்தம் போடாது. பாரம் ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டிருக்கும்வரை, மூட்டிலுள்ள ரப்பர் உறையான புஷ் முழுக்கத் தேய்ந்திருந்தாலும் ஒரு ஓரமாகச் சாய்ந்து அமைதியாகவே இருக்கும். அழுத்தும் திசை மாறும் கணத்தில்தான் போல்ட் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தாவுகிறது. தாவி விழுகிற அடிதான் நம் காதில் ‘டங்’. ஆகவே ஒவ்வொரு டங்குக்கும் பின்னால் ஒரு திசைமாற்றம் உண்டு. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறினால் பாரம் மேலும் கீழுமாக மாறுகிறது. பிரேக்கை மிதித்தாலும் கிளட்சை விட்டாலும் முன்னும் பின்னுமாக மாறுகிறது. வளைவில் திரும்பினாலோ, ஒரு சக்கரம் மட்டும் கல்லில் ஏறினாலோ பக்கவாட்டில் மாறுகிறது. வண்டியின் பின்பக்கத்தில் உள்ள ஒவ்வொரு மூட்டும் இந்த மூன்றில் ஏதோ ஒரு திசையில்தான் அதிகம் உழைக்கிறது. அதனால் சத்தம் வரும் நேரத்தை வைத்து மூட்டைக் கண்டுபிடிக்கலாம். காது அந்த அளவுக்கு நம்பத்தக்க சாட்சி இல்லை. இந்த வண்டிகளுக்கு ஏணி போன்ற இரும்புச் சேசிஸ். தெருக்குழாயின் ஒரு முனையில் தட்டினால் அடுத்த வீட்டுக் குழாயில் கேட்பதுபோல, வலப்பக்கச் சக்கரத்தருகே விழுந்த அடி இடப்பக்க இருக்கைக்கு அடியில் கேட்கும். ஓட்டுபவர் உறுதியாகக் கைகாட்டுகிற இடத்தில் ஒன்றுமே இல்லாமல் போவது இதனால்தான்.

பட்டை ஸ்பிரிங் வண்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கிய காலத்திலிருந்து எம்.எம். 540 வரை, பிறகு 2000-இல் வந்த பொலேரோ, 2010-இல் வந்த முதல் தார் என எல்லாவற்றுக்கும் பின்னால் பட்டைதான். பட்டையின் முன் கண் சேசிஸோடு ஒரே இடத்தில் பூட்டப்பட்டிருக்கும். பின் கண் ‘ஷாக்கிள்’ என்னும் ஆடும் இணைப்பில் தொங்கும். பாரம் ஏறி வில் நிமிரும்போது பட்டையின் நீளம் கூடுகிறது. அந்தக் கூடுதலை வாங்கிக்கொள்ளத்தான் ஷாக்கிள் முன்னும் பின்னும் ஆடுகிறது. இதிலிருந்தே கணக்குப் போடலாம். வேகத்தடையிலும் பள்ளத்திலும் மட்டும் சத்தம் வந்து, சமதளத்தில் பிரேக் போட்டால் வராவிட்டால் ஷாக்கிள் புஷ்ஷையும் ஷாக்கின் கண் ரப்பரையும் பார்க்க வேண்டும். பிரேக் மிதித்ததும் ஒரு டங், மறுபடி கிளட்சை விட்டு நகர்ந்ததும் ஒரு டங் என்று ஜோடியாக வந்தால் முன் கண் புஷ், இல்லாவிட்டால் அச்சைப் பட்டையோடு இறுக்கும் யூ போல்ட். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு: ஆளில்லாத சமதளத்தில் மெதுவாக முன்னே போய் ஒரு பிரேக், பின்னே வந்து ஒரு பிரேக். முன் கண்ணிலோ யூ போல்ட்டிலோ ஆட்டம் இருந்தால் இரண்டு முறையும் அடி விழும். ஷாக்கிளில் மட்டும் ஆட்டம் இருந்தால் இந்தச் சோதனையில் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும், ஏனென்றால் அச்சை முன்பின்னாகப் பிடித்திருப்பது ஷாக்கிள் அல்ல, முன் கண்தான்.

யூ போல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மாங்காய் ஏற்றும் வண்டிகளில் உண்மையான ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பட்டைகளையும் அச்சையும் சேர்த்துப் பிடிப்பது சென்டர் போல்ட் என்று பலர் நினைக்கிறார்கள். சென்டர் போல்ட்டின் வேலை இடத்தைக் குறிப்பது. அதன் தலை அச்சின் மேலுள்ள குழியில் உட்கார்ந்து அச்சு எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுகிறது, அவ்வளவுதான். பிடித்துக்கொண்டிருப்பது யூ போல்ட்டின் இறுக்கம். இறுக்கம் தளர்ந்தால் அச்சு தள்ளும் பாரம் முழுவதும் அந்தச் சின்னச் சென்டர் போல்ட்டின் கழுத்தில் விழும். அது ஒருநாள் ஒடியும், அச்சு பட்டையின்மேல் நழுவும். ஒடிவதற்கு முன்பே வண்டி அடையாளம் காட்டிவிடுகிறது. சேற்றைக் கழுவித் துடைத்துவிட்டு விளக்கடித்துப் பாருங்கள். யூ போல்ட்டின் உள்வளைவு பட்டையைத் தொடும் இடத்தில் ஒரு நூல் அகலத்துக்குப் பளபளவென்று இரும்பு தெரிந்தால் அங்கே அசைவு இருக்கிறது. நட்டுக்கு அடியிலிருந்து செம்பொடி கோடாக வழிந்திருந்தாலும் அதே பொருள்தான். அது தோப்பு மண் அல்ல, இரண்டு இரும்பு உரசி உதிர்ந்த துரு. விரலால் தேய்த்தால் மண் நெறுநெறுக்கும், துருப்பொடி வழுவழுப்பாக ஒட்டிக்கொள்ளும். பிறகு அளவு நாடாவை எடுத்து, முன் கண் போல்ட்டின் நடுவிலிருந்து அச்சின் நடுவரை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்துப்போகாவிட்டால் அச்சு ஏற்கெனவே நகர்ந்துவிட்டது. அந்த வண்டியில் அன்றைக்குப் பாரம் ஏற்றக் கூடாது.

சுருள் ஸ்பிரிங் வண்டிகளில் கணக்கு மாறும், ஆனால் கேள்வி மாறாது. 2002-இல் வந்த ஸ்கார்ப்பியோவிலும் 2020-க்குப் பிந்தைய தாரிலும் பின் அச்சைப் பிடிப்பது பட்டை அல்ல, தனித்தனிக் கைகள். முன்பின் பாரத்தை நீளக் கைகள் வாங்குகின்றன, பக்கவாட்டுப் பாரத்தைக் குறுக்குத் தண்டு வாங்குகிறது. ஆகவே தோப்புத் தடத்தில் இடவலமாகச் சரியும்போது மட்டும் சத்தம் வந்தால் குறுக்குத் தண்டின் இரு முனைகளையும், பக்கச்சாய்வைக் கட்டுப்படுத்தும் ஸ்டெபிலைசரின் லிங்க்கையும் முதலில் பார்க்க வேண்டும். லிங்க்கைச் சந்தேகிப்பது எளிது, தீர்ப்பதும் எளிது: இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றிக் கட்டிவைத்துவிட்டு அதே கல் தடத்தில் நடைவேகத்தில் ஓட்டினால் போதும். சத்தம் நின்றால் அங்கேதான் குறை. ஒரு பக்க லிங்க்கை மட்டும் கழற்றினாலும் ஸ்டெபிலைசர் வேலை செய்யாது. ஆனால் கழற்றிய முனை எங்காவது இடித்துப் புதுச் சத்தம் போட்டுக் குழப்பும். இரண்டையும் கழற்றிக் கட்டச் சொல்வது அதற்காகத்தான்.

சஸ்பென்ஷனே இல்லாத சத்தங்களும் சஸ்பென்ஷன் பெயரில் வருகின்றன. நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டிகளில் இது இன்னும் அதிகம். கிளட்சை விட்டதும் மெல்லிய ‘டிங்’ வந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் கிராஸைப் பார்க்க வேண்டும். ஓடைத் தண்ணீரில் இறங்கி ஏறும் வண்டிகளில் கிராஸின் கிரீஸ் கழுவிப் போய்விடுகிறது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கினால் தெரிந்துவிடும். கிராஸின் இரு பக்கமும் சேர்ந்து திரும்ப வேண்டும், ஒன்று முன்னால் திரும்பி மற்றது பின்னால் தொடர்ந்தால் கிராஸ் போய்விட்டது. கிராஸ் சரியாக இருந்து ஷாஃப்ட் மட்டும் கொஞ்சம் திரும்பி நின்றால் அது பின் அச்சின் கிரவுன் பல்சக்கரத்தில் இருக்கும் இடைவெளி. அதில் ஓரளவு இயல்பானது. இன்னொரு சத்தம் பலரைப் பயமுறுத்துகிறது. தோப்பிலிருந்து இறங்கி 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறிய பிறகும் ஃபோர் வீலை எடுக்காமல் ஓட்டினால், திருப்பத்தில் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருக்கும். மணலில் டயர் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும், தார்ச்சாலையில் வழுக்காது. முறுக்கம் ஷாஃப்ட்டுகளில் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் ‘டமார்’ என்று விடுபடும். இதற்குச் சஸ்பென்ஷனைப் பிரிப்பது வீண் வேலை, லீவரைத் தள்ளினாலே போதும். தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில், ஒரு சக்கரம் மணலில் சுழன்று பூட்டு விழும்போது ஒரு ‘டக்’ கேட்பதும் அதன் இயல்பு. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி, கதவுப் பூட்டின் தேய்மானம், பாடியைச் சேசிஸோடு பிடிக்கும் ரப்பர்கள், சீட்டுக்கு அடியில் கட்டாமல் கிடக்கும் ஜாக்கி ஆகியவற்றை எதையும் பிரிப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஸ்டெப்னியை இறக்கிவைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் காசு எதுவும் செலவாகாது.

இதற்கு என் மெக்கானிக் தொழிலில் இருப்பவர்களே சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. “இவ்வளவு கேள்வி கேட்டுக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? ஷாக் மாற்றுவது சிறு வேலை. பெரும்பாலும் சத்தம் குறைந்துவிடுகிறது.” குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் ஏன் குறைகிறது? புது ஷாக் கடினமாக இருப்பதால் அச்சின் வேகம் குறைகிறது, தேய்ந்த ஷாக்கிள் புஷ்ஷில் போல்ட் மெதுவாகத் தாவுகிறது, அடி மெலிகிறது. தேய்ந்த இடம் அப்படியேதான் இருக்கிறது. புஷ் மேலும் தேயும், சத்தம் திரும்ப வரும், அப்போது உரிமையாளர் புது ஷாக்கையே குறை சொல்வார். ஷாக்கே குற்றவாளியாக இருக்கும் நேரமும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆயில் கசிந்து உடம்பு முழுக்க ஈரமாக இருந்தால் அது போய்விட்டது. ஈரம் இல்லாவிட்டாலும் கீழ் போல்ட்டைக் கழற்றிக் கையால் நீட்டி அழுத்திப் பார்க்கலாம். இழுப்பதிலிருந்து தள்ளுவதற்கு மாறும் இடத்தில் ஒரு நொடி எதிர்ப்பே இல்லாமல் ‘லொட’ என்று போய்ப் பிறகு பிடித்தால், அந்த வெற்றிடம்தான் பள்ளத்தில் சத்தம் போடுகிறது. வண்டியை உயர்த்திக் கட்டியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்திவிட்டுப் பழைய நீளத்து ஷாக்கையே விட்டால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும் ஒவ்வொரு முறையும் ஷாக் முழு நீளத்துக்கும் இழுபட்டு உள்ளே முட்டும். புது ஷாக்கே அடிக்கும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் அவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்த மறுப்பு இதைவிட நியாயமானது: “எல்லாப் புஷ்ஷையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் தேட வேண்டிய அவசியமே இல்லையே?” பட்டை வண்டியில் புஷ் விலை அதிகமில்லை, ஒன்று போயிருந்தால் மறுபக்கத்து ஜோடியையும் சேர்த்து மாற்றுவதே சரி. ஆனால் காரணம் தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றினால் தடயம் அழிந்துவிடுகிறது. பட்டையைச் சேசிஸில் தாங்கும் ஹேங்கரில் போல்ட் போகும் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தால் அதில் எந்தப் புதுப் புஷ்ஷும் நிற்காது. யூ போல்ட் தளர்ந்திருந்தால் எல்லாப் புஷ்ஷும் புதிதானாலும் சத்தம் போகாது. “ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் போட்டால் ஆயுசுக்கும் வேலை இல்லை” என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது கடினமானது, பட்டைக் கண்ணில் நன்றாக உழைக்கும், ஆனால் குழலின்மேல் உரசிச் சுழல்வதால் கிரீஸ் கேட்கும். ஓடை மணல் உள்ளே புகுந்தால் கீச்சிட்டுக் குழலையும் தின்னும். சுருள் ஸ்பிரிங் வண்டியின் கைகளோ ஒரு சக்கரம் கல்லில் ஏறும்போது இரண்டு திசையில் முறுக வேண்டியவை. அங்கே கடினமான புஷ் போட்டால் முறுக்கு பிராக்கெட்டுக்குப் போய் வெல்டிங்கை விட்டுக்கொடுக்க வைக்கும். அடிவாரத் தடத்தில் ஓடும் வண்டிக்கு நல்ல கம்பெனி ரப்பரைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

எந்த ரப்பர் போட்டாலும், போடும் விதத்தில் ஒரு தவறு இங்கே பரவலாக நடக்கிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுக்க இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ்ஷுக்குள் ஒரு இரும்புக் குழல் இருக்கிறது. போல்ட்டை இறுக்கியதும் அந்தக் குழல் பிராக்கெட்டோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு குழல் சுழலாது, அசைவு முழுவதையும் ரப்பர் முறுகித்தான் வாங்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கி நிற்கும்போதே ரப்பர் முறுகிய நிலையில் இருக்கும். நூறு காய்ப்பெட்டி ஏறினால் இன்னும் முறுகும். அப்படிப் போட்ட புஷ் சீக்கிரம் கிழிகிறது, “டூப்ளிகேட் சாமான்” என்று கடைக்காரர் பழி ஏற்கிறார். சரியான முறை எல்லாப் போல்ட்டையும் கையிறுக்கமாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி ஆட்டிவிட்டு, அதன் சொந்த உயரத்தில் நிற்கும்போது கடைசி இறுக்கம் கொடுப்பது. கம்பெனி கையேட்டில் சொன்ன டார்க்குக்கு டார்க் ரென்ச்சில் இறுக்க வேண்டும், கைப்பழக்கத்தை நம்பக் கூடாது. சோதிக்கும்போதும் இதே நியாயம்தான். ஜாக்கியில் தொங்கும் வண்டியில் பாரம் வேறு திசையில் இழுப்பதால், தரையில் அடிக்கும் பிளே அங்கே அடங்கியிருக்கலாம். முதல் பார்வை எப்போதும் நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே.

பாரத்துக்காகப் பட்டை ஒன்றைக் கூட்டிப் போடும் வழக்கமும் இங்கே உண்டு. மாங்காய்ப் பருவத்தில் அது தேவைப்படுவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் பருவம் முடிந்து காலி வண்டியாக ஓடும்போது அந்தக் கூடுதல் பட்டை வில்லை அதிகமாக வளைத்துவைக்கும், ஷாக்கிள் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும், பள்ளத்தில் பட்டை விரிய இடமில்லாமல் அச்சு துள்ளும். ஏற்றினால் அமைதி, காலியாக வந்தால் டங் என்று சொல்லும் வண்டிகளில் முதல் கேள்வி பட்டை எண்ணிக்கையாகத்தான் இருக்க வேண்டும். ஏற்றினால் மட்டும் ‘தொம்’ என்று வந்தால் அச்சு சேசிஸின் ரப்பர் கட்டையில் முட்டுகிறது. அங்கே குறை பாரத்தில், அல்லது வில் தளர்ந்த பட்டையில்.

கடைசியாக, “ஜீப்புன்னா சத்தம் வரத்தான் செய்யும்” என்று ஒதுக்கிவிடுபவர்கள். ஜீப் லொடலொடக்கும் என்பது சரி. கதவும் தட்டியும் படுதாக் கம்பியும் சேர்ந்து போடும் அந்தச் சத்தம் வாங்கிய நாளிலிருந்தே இருப்பது. டங் என்பது ஒரு நாளில் தொடங்கியது, முன்பு இல்லாதது. அதை அலட்சியம் செய்யும் வண்டிதான் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் காய் ஏற்றிக்கொண்டு இறங்குகிறது. அதே வண்டிதான் மாலையில் தோப்பிலிருந்து திரும்புகிறது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காட்டை ஒட்டிய தோப்புகளுக்கு யானை இறங்கி வருவது அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். சென்டர் போல்ட் ஒடிந்து அச்சு நழுவிய வண்டியோடு அங்கே இருட்டில் நிற்கும் ஓட்டுநரைத் தேடி எந்த மெக்கானிக்கும் உடனே போய்விட முடியாது.

ஆகவே வண்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஒர்க்‌ஷாப்புக்கு வருமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: சத்தம் பிரேக்கிலா, கிளட்சை விடும்போதா, பள்ளத்திலா, திருப்பத்திலா, ஏற்றியபோதா, காலியாகவா, ஃபோர் வீலில் மட்டுமா. ஏற்றினால் மட்டும் வரும் சத்தமென்றால் ஏற்றியபடியே கொண்டுவாருங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், தேய்ந்த இடம் கண்ணுக்குத் தெரியும். யூ போல்ட் கழற்றப்பட்டிருந்தால் பழையதைத் திரும்பப் போடச் சம்மதிக்காதீர்கள், ஒருமுறை முழுக்க இறுகி நீண்ட போல்ட் மறுபடி அதே பிடியைக் கொடுக்காது. புதிதாகப் போட்ட யூ போல்ட் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும். அந்த மறு இறுக்கத்துக்கு வண்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கால் மணி நேர வேலை.